வள்ளி கும்மிக் குழு திருச்செந்தூர் போகிறது: மூத்த ஆட்டக்காரர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்து ஆடும் மூத்தவர்களின் கும்மிக் குழு எங்களுடையது. 60 வயது நிறைந்தால்தான் சேர்க்கிறோம். இந்த முறை திருச்செந்தூரில் ஆடிவிட்டு வருவதாக முடிவு. செய்தி வெளியே போனதிலிருந்து ஆட்டக்காரர்களைவிட அவர்களுடைய மகன், மகள், மருமகள்தான் அதிகமாகக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறோம்.

வள்ளி கும்மி என்றால் என்ன? நாங்கள் சென்னைக்காரர்கள், பார்த்ததில்லை.

முருகன் வள்ளியைக் காதலித்துக் கல்யாணம் செய்த கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக நின்று ஆடும் ஆட்டம். வள்ளி ஒயில் கும்மி என்றும் சொல்வார்கள். ஆசிரியர் ஓர் அடி பாடுவார், ஆட்டக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். காலில் சலங்கை, கையில் தாளம். பிள்ளையார் வணக்கத்தில் தொடங்கி, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தை கிடைப்பது, நம்பிராசன் வளர்ப்பது, தினைப்புனக் காவல், வேடனாக வந்த முருகன், வேங்கை மரமாக நின்ற முருகன், கிழவனாக வந்த முருகன், யானையாக வந்து தம்பிக்கு உதவிய பிள்ளையார் என்று போய்க் கல்யாணத்தில் முடியும். முழுக்கதையும் ஆடினால் இரவு நகர்ந்துகொண்டே இருக்கும். கொங்கு நாட்டில் கோவில் நோன்பு, கல்யாணம், சீர் என்று எதற்கும் கும்மி உண்டு.

ஒரு காலத்தில் இது ஆண்களின் ஆட்டம். பெண்களை உள்ளே கொண்டுவந்து கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்து ஆசிரியர் பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது 87. இந்த வயதில் ஆட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த எண்ணையே சொல்லிவிடுகிறோம்.

திருச்செந்தூர் சூரசம்ஹாரத் தலம் ஆயிற்றே, வள்ளி கதையை அங்கே ஏன் ஆட வேண்டும்?

நல்ல கேள்வி. குழுவுக்குள்ளேயே இந்த வழக்கு நடந்தது. வள்ளி கல்யாணம் என்றால் திருத்தணி என்று ஒரு கட்சி, மலையேற முடியாது என்று மறு கட்சி. திருச்செந்தூரில் கடலோரமாக வள்ளி குகை இருக்கிறது. கோவிலுக்குள் வள்ளிக்குத் தனிச் சந்நிதி உண்டு. சூரனை வென்ற பிறகுதான் வள்ளி கதை வருகிறது; கந்தபுராணத்திலேயே கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணம். சண்டை முடிந்த கடற்கரையில் அடுத்த கதையைத் தொடங்குகிறோம் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அதற்குப் பிறகு எதிர்ப்பேச்சு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அறுபடை வீடுகளில் படியேறாமல் நேரே உள்ளே போகக்கூடியவை குறைவு. மற்ற முக்கியத் தலங்கள் பலவும் குன்றின்மேல் இருக்க, செந்தூர் கடலின் மட்டத்தில் நிற்கிறது. முட்டிக்கு இது பெரிய விஷயம்.

எப்போது போகிறோம்? கந்த சஷ்டிக்குப் போகலாமே?

வேண்டவே வேண்டாம். சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். வைகாசி விசாகமும் அப்படியே. ஆவணியிலும் மாசியிலும் கொடியேறிய பிறகு ஊரில் அறை கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18இல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்கு நெருங்கிய மழை பெய்தது. அன்று திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பேர் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். மாத்திரைப் பெட்டியோடு பயணம் செய்யும் கூட்டத்தை அந்த மாதத்தில் கூட்டிப்போக எங்களுக்குத் தைரியம் இல்லை.

சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மிஞ்சுவது தைப்பூசம் கழிந்து மாசித் திருவிழாவுக்குக் கொடியேறும் வரை உள்ள இடைவெளி. மழை நின்றிருக்கும், வெயில் ஏறியிருக்காது, பனங்கிழங்கும் கிடைக்கும்.

ரயிலா, பஸ்ஸா?

ரயில். பாலக்காட்டிலிருந்து வரும் திருச்செந்தூர் வண்டி பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகப் போகிறது. பகல் பயணம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பழனி மலை தெரியும், மதுரை தாண்டியதும் திருப்பரங்குன்றப் பாறை தெரியும், கடைசியில் செந்தூர். ஒரே டிக்கெட்டில் மூன்று படை வீடு என்று எங்கள் ஆட்கள் கணக்குப் போட்டாயிற்று.

பஸ் வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் கழிப்பறை. வழியில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். சில பேர் நீர் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஆட நிற்கும்போது தலை சுற்றும். ரயிலில் எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், கழிப்பறைக்குப் போக யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

மூத்தவர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டா?

இல்லை. முன்பு ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தியதைத் திரும்பக் கொடுக்கவில்லை. கீழ் படுக்கைக்கான தனி ஒதுக்கீடு மட்டும் தொடர்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு வேலை செய்யும். ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டால், ஆறு பேரும் எண்பதைத் தாண்டியவர்களாக இருந்தாலும் நடு, மேல் படுக்கை விழலாம். போகும்போது பகல் வண்டி என்பதால் கவலையில்லை. திரும்பும்போது தனியாக இரவு வண்டியில் சென்னைக்கோ வேறு ஊருக்கோ மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் பதிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி. ஆட வைக்கிறீர்களா?

ஆட வைப்பதில்லை, அவர்களாக ஆடுகிறார்கள். வேறுபாடு இருக்கிறது.

எங்கள் வட்டம் மூன்று அடுக்கு. வெளிவட்டத்தில் முழு வேகத்தில் ஆடுகிறவர்கள். உள்வட்டத்தில் பாதி வேகம்: பாட்டு அதேதான், வெளிவட்டம் இரண்டு அடி வைக்கும்போது இவர்கள் ஒன்று வைப்பார்கள். நடுவில் நாற்காலி வட்டம். உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறவர்கள் இவர்கள். சலங்கையும் கட்டியிருப்பார்கள், குதிகாலைத் தட்டினால் சத்தம் வரும். ஒருவர் எந்த வட்டத்தில் நிற்பது என்பதை அன்றைக்குச் சாயங்காலம் அவரே முடிவு செய்வார். ஒத்திகையில் வெளிவட்டத்தில் ஆடியவர் மேடையன்று நாற்காலியைக் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இது மட்டும்தான் எங்களிடம் கண்டிப்பான சட்டம்.

குந்தி எழும் அடிகளையும் துள்ளும் அடிகளையும் எடுத்துவிட்டோம். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதும் இல்லை. வயதாக ஆகக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். வேகமாகச் சுற்றி நின்றால் உடம்பு நின்றுவிடும், தலை நிற்காது. ஆகவே எட்டு அடிக்கு ஒரு முறை வட்டம் திசை மாறும். இளவட்டக் கும்மி பார்த்துப் பழகியவர்களுக்கு எங்கள் ஆட்டம் சப்பென்று தோன்றலாம். எங்கள் பாட்டைக் கேளுங்கள், சொல் ஒன்றுகூட விழுங்காமல் வரும்.

அப்படியானால் இது உடற்பயிற்சிதானே? உடம்புக்கு நல்லது என்று ஆய்வு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உடலசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைவதோடு சேர்ந்து காணப்பட்டது. ஆனால் ஆடியதால் மறதி வரவில்லையா, மறதி இல்லாதவர்கள் ஆடினார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு தீர்த்துச் சொல்லாது.

மருந்தாக நினைத்து யாரையும் அனுப்பாதீர்கள் என்பது எங்கள் கட்சி. "டாக்டர் நடக்கச் சொன்னாருங்க, அதான் வந்தேன்" என்று வந்தவர்கள் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள். சிவப்புச் சேலையா பச்சைச் சேலையா என்று சண்டை போட வந்தவர்கள்தான் இன்னும் ஆடுகிறார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

குழுவில் சர்க்கரை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஆட்டத்துக்கு முன் வெறும் வயிறு கூடாது. "சாமி கும்பிட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று விரதம் இருந்துவிட்டு, இன்சுலினும் போட்டுக்கொண்டு சலங்கை கட்டுவது ஆபத்து. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே உட்கார்ந்து 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். நாற்காலி வட்டத்துக்குக் கீழே சர்க்கரை டப்பாவும் தண்ணீரும் எப்போதும் இருக்கும். எரிச்சலை மட்டும் கவனித்துப் பார்ப்போம், ஏனென்றால் எங்களில் சிலருக்கு அது இயற்கையிலேயே உண்டு.

இன்சுலினை ரயில் ஜன்னல் ஓரத்துப் பையில் வைக்காதீர்கள். ஈரத்துணி சுற்றிய சின்னப் பையில், நிழலில் வையுங்கள். மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைக் கைப்பையிலும் இன்னொன்றைப் பெட்டியிலும் வைத்தால் ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். நீர் மாத்திரையைப் பயண நாளில் எந்த நேரத்தில் போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கால் மரத்துப்போயிருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். கும்மி வெறுங்காலில் ஆடுவது. கோவிலைச் சுற்றியுள்ள கல்தளம் முற்பகலிலேயே சுட ஆரம்பித்துவிடும். சூடு உறைக்காத காலில் கொப்புளம் வந்தாலும் ராத்திரி வரை தெரியாது. நாம் ஆடுவது சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான். காலையில் தரிசனத்துக்குப் போகும்போது கவனம். அன்றிரவு படுக்கும் முன் பாதத்தை ஒருவருக்கொருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். "என்ற காலை நீ எதுக்கு அம்மிணி பாக்கோணும்?" என்று கேட்பவர்களிடம் ஆசிரியர் பேசுவார்.

கடலில் குளிக்கலாமா?

குளிக்காமல் வர மாட்டார்கள் என்று தெரியும். அதனால் எப்படிக் குளிப்பது என்றுதான் சொல்ல வேண்டும்.

கோவிலுக்கு முன்னால் சமீப ஆண்டுகளில் கடல் அரிப்பு அதிகம். நேற்று சமமாக இருந்த மணல் இன்று படிபோல் வெட்டுப்பட்டிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கினால் பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரியும். அவற்றின்மேல் ஏறிப் படம் எடுக்கும் இளைஞர்களைப் பார்த்து நீங்களும் ஏற வேண்டாம். முழங்கால் ஆழம் போதும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். அலை திரும்பும்போது பாதத்துக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு போகும், விழுவது அப்போதுதான். இரண்டு பேர் இரண்டு பேராகக் கை பிடித்து நில்லுங்கள். காதுக் கருவி, பல்செட், தாலிக்கொடி, மோதிரம் எதையும் அலைக்குள் கொண்டுபோக வேண்டாம். பல்செட் என்று சொன்னால் சிரிப்பீர்கள், தும்மினால் தெரியும்.

கடல் குளித்துவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போவது வழக்கம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறும் சின்னக் கிணறு அது. படைக்குத் தாகம் தீர்க்க முருகன் வேலால் உண்டாக்கியது என்பார்கள். இறங்கும் படிகள் எப்போதும் ஈரம். நாற்காலி வட்டத்துக்காரர்கள் மேலேயே நின்றால் தண்ணீர் கொண்டுவந்து தலையில் தெளித்துவிடுவோம். புண்ணியத்தில் குறை வராது.

வள்ளி குகைக்குள் எல்லோரும் போக முடியுமா?

குனிந்து, ஒடுங்கிப் போக வேண்டும். இடுப்பு வலி, மூச்சு வாங்குதல் இருப்பவர்களுக்கு உகந்ததல்ல. வாசலில் நின்று, தினைப்புனப் பாட்டில் ஒரு கண்ணியை எல்லோரும் சேர்ந்து பாடுவதாகத் திட்டம். உள்ளே போகிறவர்களுக்கும் கேட்கும்.

கோவிலுக்குள் ஆடுகிறோமா, வெளியிலா?

வெளியில், நிர்வாகம் ஒதுக்கும் இடத்தில். இதற்குக் கோவில் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி எங்கும் கூடாது. நாம் அதற்கு வெகுநேரம் முன்பே வள்ளிக்குத் தாலி கட்டிவிடுவோம்.

மணலில் ஆடலாமே, அழகாக இருக்குமே என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். மணல் பாதத்தைப் பிடித்து இழுக்கும், கணுக்கால் திரும்பும், சலங்கைச் சத்தமும் எழாது. கெட்டித் தரைதான் வேண்டும். கடற்கரை நிகழ்ச்சியில் வெளியூர்க் குழுக்கள் எதிர்பார்க்காத தொல்லை காற்று. சாயங்காலம் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். ஆசிரியர் பாடுவது ஒரு பக்கம் பறக்கும், எதிர்ப்பாட்டு இன்னொரு பக்கம் பறக்கும், வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் நிற்பவருக்குத் தாளம் பிந்திவிடும். அதனால் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முதுகு கடலைப் பார்த்தும் முகம் ஊரைப் பார்த்தும் இருக்கும். கடல் பக்கம் நிற்பவர்களுக்காக வட்டத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி தனியாக வைப்போம். காது மந்தமாக உள்ளவர்கள் அதன் பக்கத்தில் நில்லுங்கள். பாட்டு கேட்காவிட்டால் மேளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேளம் காற்றில் தொலையாது.

எவ்வளவு நேரம்?

முக்கால் மணி. தினைப்புனத்திலிருந்து கல்யாணம் வரை. வள்ளி பிறப்பை இந்த முறை ஆசிரியர் வசனமாகச் சொல்லிவிடுவார். நடுவில் கிழவன் வருகிற கட்டத்தில் பெரும்பாலோர் உட்கார்ந்துகொள்ளலாம், இரண்டு மூன்று பேர் மட்டும் ஆடுவார்கள்.

அந்தக் கட்டம் எங்கள் குழுவுக்குச் செல்லமானது. மற்ற குழுக்களில் இருபது வயதுப் பையன் முதுகை வளைத்து, பஞ்சுத்தாடி ஒட்டிக்கொண்டு கிழவனாக வருவான். தினைமாவும் தேனும் கேட்பான், விக்கலெடுத்துச் சுனையில் தண்ணீர் கேட்பான், கூட்டம் சிரிக்கும். எங்களிடம் தாடி ஒட்டத் தேவையில்லை. 78 வயது மாமா ஒருவர் வருகிறார். அவருக்கு வேடமே வேறு: வேடனாக வரும்போதுதான் அவர் நடிக்க வேண்டியிருக்கிறது, கிழவனாக வரும்போது சும்மா நடந்து வருகிறார். விக்கல் மட்டும் ஒத்திகை பார்த்தது. கிழவனைக் கேலி செய்யும் பாட்டைக் கிழவிகளே பாடும்போது அது வேறு பாட்டாகிவிடுகிறது. அதைப் பார்க்கவாவது வாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ எடுத்து அனுப்புவீர்களா?

ஆட்டத்தை எடுப்போம். கோவிலுக்குள் செல்பேசிக்குத் தடை. உயர்நீதிமன்ற உத்தரவு, யாருக்கும் விலக்கில்லை. தரிசன நேரத்தில் அப்பா போனை எடுக்கவில்லை என்று பதறாதீர்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் பெயர், ரத்த வகை, மாத்திரை விவரம், தங்கும் விடுதியின் பெயர் எழுதிய அட்டை இருக்கும். கூட்டத்தில் தவறினால் கோவிலின் கடல் பக்க வாசலைத் தேடிப் போகாமல் இருந்த இடத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறோம். நாங்கள் தேடி வருவோம்.

உடை என்ன?

பெண்களுக்கு ஒரே நிறச் சேலை, ஆண்களுக்கு வேட்டி, சட்டை, இடுப்பில் துண்டு. தரிசனத்துக்கு உள்ளே போகும்போது ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது திருச்செந்தூர் வழக்கம். குளிர் தாங்காதவர்கள் மேல்துண்டு கொண்டுவாருங்கள். சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டப் பழகிக்கொள்ளுங்கள், கொசுவம் தடுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

கணவரை இழந்தவர்களும் பூ வைத்து, கலர்ச் சேலை கட்டி ஆடுவார்களா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

ஆடுவார்கள். குழுவில் பாதிப் பெண்களுக்கு மேல் அப்படித்தான். சேலை எல்லோருக்கும் ஒன்று, பூவும் எல்லோருக்கும் ஒரே முழம். வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். வைக்காதவரை வை என்றும் சொல்வதில்லை. தாலி கட்டும் பாட்டில் யார் முன்னால் நிற்பது என்பதைக் குரலைப் பார்த்து முடிவு செய்கிறோம், நெற்றியைப் பார்த்து அல்ல.

முகம் சுளிக்கும் பெரியவரை ஒரு ஒத்திகைக்குக் கூட்டி வாருங்கள். இல்லை, அவர்கள் வர மாட்டேன் என்றால் அம்மாவைத் தடுக்காமல் அனுப்பிவையுங்கள். "ஊரு என்ன சொல்லும்" என்று கேட்ட ஒரு சின்னம்மாவிடம் எங்கள் மூத்த உறுப்பினர் சொன்னது: "ஊருதான் கண்ணு முன்னால உக்காந்து கை தட்டுது."

சாதி கேட்பீர்களா?

கேட்பதில்லை. சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வோம் என்று சாதி உறுதிமொழி எடுக்கும் வழக்கம் கும்மி மேடைகள் சிலவற்றில் வந்திருக்கிறது. எங்கள் மேடையில் கிடையாது. வேடர் குலத்துப் பெண்ணை, அப்பன் சம்மதத்துக்குக் காத்திராமல் சாமி கூட்டிப்போன கதையைப் பாடிவிட்டு, அதே மேடையில் அப்படி உறுதிமொழி எடுப்பது எங்களுக்கு விளங்கவில்லை.

சாப்பாடு?

கோவிலில் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு. விருப்பமுள்ளவர்கள் அங்கே சாப்பிடலாம். மற்ற வேளைக்கு விடுதியில் இட்லி, ரசம் சாதம், காரம் குறைவாக. ஆட்டத்தன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு எழுந்திருப்பவர்களால் ஐந்து மணிக்கு ஆட முடியாது.

பனங்கிழங்கு தாராளமாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து. பக்கத்து ஊர் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, வாங்கிப் போகலாம். ஆனால் கருப்பட்டி சர்க்கரைக்காரருக்கு ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். நிறம் கறுப்பாக இருப்பதால் அது சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது.

யாராவது பணம், மாலை, அன்பளிப்பு கொடுத்தால்?

வாங்கலாம். சட்டையில் குத்தும் நோட்டும் தட்டில் விழும் காசும் பொதுவில் சேரும். மேளக்காரருக்கும் பாட்டு ஆசிரியருக்கும் பேசிய சம்பளம் தனி. அன்பளிப்பில் கழிப்பதில்லை.

அரசே மூத்தவர்களை இலவசமாக அறுபடை வீட்டுக்குக் கூட்டிப்போகிறதே, அதில் போகக் கூடாதா?

போகலாம். அறநிலையத்துறையின் அந்தப் பயணம் 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கானது. எங்களில் பலர் அந்த வரம்பைத் தாண்டியாயிற்று. அதோடு, அங்கே நீங்கள் பக்தர், இங்கே ஆட்டக்காரர். இரண்டு பயணமும் வேண்டும் என்பவர்கள் இரண்டிலும் பெயர் கொடுங்கள்.

திரும்பி வந்த பிறகு சலங்கையை என்ன செய்வது?

உப்புக்காற்றில் ஒரு சாயங்காலம் இருந்தாலே மணிகள் பச்சை பிடிக்கத் தொடங்கும். அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசித் துணியால் துடைத்து விரித்துப் போடுங்கள். தோல்பட்டை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்தால் நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் விறைத்துக்கொண்டு கணுக்காலை அறுக்கும். கடல் தண்ணீரில் சலங்கையோடு இறங்கிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் புதுச் சலங்கைக்குச் சொந்தக் காசு கொடுக்க வேண்டும்.

வெற்றிலைத் தாம்பூலம், விபூதி ஏதாவது கொண்டுவர வேண்டுமா?

எதுவும் வேண்டாம். பன்னீர் இலையில் வைத்துக் கொடுக்கும் விபூதி அங்கேதான் விசேஷம். அதை வாங்கிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஒரம்பரைக்கும், அதாவது சொந்தக்காரர்களுக்கும், கொடுக்கலாம்.

பேரப்பிள்ளைகள் கூட வரலாமா?

வரலாம். டிக்கெட், அறை எல்லாம் அவர்கள் செலவு. இரண்டு நிபந்தனை. ஆட்டம் நடக்கும்போது "அம்மச்சி, பாத்து, பாத்து" என்று வட்டத்துக்குள் ஓடிவந்து கையைப் பிடிக்கக் கூடாது. அப்பாருவை ரீல்ஸுக்காகத் தனியாக ஆடச் சொல்லித் தொந்தரவும் கூடாது. வேலை கேட்டால் கொடுப்போம்: இத்தனை பேரும் வெறுங்காலில் ஆடும்போது கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி பிரியாமல் பைகளில் போட்டு, பெயர் எழுதி, ஆட்டம் முடிந்ததும் சரியான காலுக்குக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரி நீல வார்ச் செருப்பு என்பதால் இது லேசான வேலை இல்லை.